பட்டறை யார் பெயரில் இருக்கிறது?

2022 ஜூலையில் ஒரு திங்கள்கிழமை. ஆம்பூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் காலனியில், பட்டறைக் கதவில் புதிய பூட்டு ஒன்று தொங்கியது. காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்த ஏழு பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே நான்கு தையல் மெஷின்கள், ஒரு தோல் சீவும் மெஷின், முதல் நாள் தைத்து முடித்த 120 ஜோடி அப்பர், மேசை, பெஞ்சு, சுவரில் அம்பேத்கர் படம். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டிய இரண்டு காகிதங்கள். ஒன்று, எங்கள் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ். மற்றொன்று, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எங்கள் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்த ஒப்புதல்.

பத்து மணிக்கு ஒருவர் காரில் வந்தார். இடத்தை வாங்கியவர். கையில் பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் நகல் இருந்தது. "உங்க கிட்ட இன்னா இருக்குது, காட்டுங்க" என்றார். எங்களிடம் இருந்த இரண்டு காகிதங்களும் அவர் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தன.

வெளியே இருந்திருந்தாலும் அவற்றால் பயன் இருந்திருக்காது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எப்படி இழந்தோம், திரும்ப எப்படி எழுந்தோம் என்பதை இந்த வாரம் எழுதுகிறோம். காரணம், மாவட்டத்தில் நாங்கள் போகிற காலனிகளில் எல்லாம் இதே மாதிரி ஒரு மன்றம், ஒரு படிப்பகம், ஒரு இரவுப் பாடசாலை, ஒரு பறைப் பயிற்சிக் கொட்டகை இருக்கிறது. "இது யார் பேர்ல இருக்குது?" என்று கேட்டால் "ஊர்ப் பொது" என்கிறார்கள். நாங்களும் 17 வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டு வாசலிலிருந்து பட்டறைக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வேலையை விளக்கத் தேவையில்லை. கம்பெனியில் வெட்டிய தோல் மூட்டையாக ஏஜென்ட் வழியாக வீட்டுக்கு வரும். பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக அப்பரைத் தைப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிற ஷூவின் மேல்பாகம் எங்கள் அக்காக்களின் விரல் வலியில் உருவாகிறது. அவர்கள் பெயர் கம்பெனியின் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

வீட்டில் தனித்தனியாகத் தைத்தபோது ஒவ்வொருத்திக்கும் ஒரு ரேட். ஒருத்திக்கு என்ன கொடுக்கிறான் என்று இன்னொருத்திக்குத் தெரியாது. இதை உடைக்கத்தான் 2005இல் பட்டறை தொடங்கினோம். நல்ல வெளிச்சம், உட்கார மேசை, பொதுவான கருவிகள். செருப்பு தைக்கத் தெரிந்த பெரியவர்கள் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு மாலையில் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பயன், ஏஜென்ட் வந்தால் எல்லாரிடமும் சேர்ந்துதான் பேச வேண்டும். மூன்றே மாதத்தில் ஜோடிக் கூலி எல்லாருக்கும் ஒன்றானது.

இடம் தந்தவர் தோல் ஷாப்பில் முப்பது வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்ற பெரியவர். 2005 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் எழுந்து, சாலையோரம் இருந்த தன் மூன்று சென்ட் மனையைக் காட்டி, "இனிமே இது நம்ம ஜனத்து சொத்து" என்றார். மறுநாள் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நாங்கள் சால்வை போர்த்தினோம், கண்ணாடி போட்டு மாட்டினோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

எங்கே தவறினோம்

பெரியவர் 2019இல் காலமானார். அவருக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். மூவரும் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றி, 2022இல் இடத்தை விற்றுவிட்டார்கள். வழக்கறிஞர் தோழர் எங்கள் முத்திரைத்தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தானமாக் குடுத்த நிலம்னா ரெண்டு சாட்சி வெச்சுப் பதிவு செஞ்சிருக்கணும். வாங்கினவங்க அவர் உயிரோட இருக்கும்போதே ஏத்துக்கிட்டதும் தெரியணும். பதிவு இல்லாத இந்தத் தாளை வெச்சு உரிமை கேட்க முடியாது." 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 140 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம் இது.

"எங்க சங்கம் பதிவு பண்ண சங்கம்தானே" என்று கேட்டோம். அங்கேதான் எங்கள் இரண்டாவது தவறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி 2005இலேயே மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்திருந்தோம். ஆனால் பதிவு செய்வதோடு கடமை முடிவதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பேரவை கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, நிர்வாகிகள் பட்டியலோடு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் கடைசியாகத் தாக்கல் செய்தது 2011இல். தலைவர் என்று காகிதத்தில் இருந்தவர் பெங்களூருக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. சங்கம் என்று சொல்லி நீதிமன்றத்தில் நிற்க எங்களுக்குச் சரியான கால் இல்லை.

மூன்றாவது தவறு சிறியது. ஆனால் அன்றைக்கு அதுதான் அதிகம் வலித்தது. மெஷின்கள் வாங்கிய ரசீதுகள் தனித்தனி ஆட்கள் பெயரில் இருந்தன. இரண்டு ரசீதைக் காணவே இல்லை. மின் இணைப்பும் வீட்டு வரியும் பெரியவர் பெயரில். பூட்டிய கதவுக்குள் இருப்பது எங்கள் மெஷின் என்று காட்டவே காவல் நிலையத்தில் நான்கு நாள் உட்கார்ந்தோம். மெஷின்களை மீட்டோம். இடம் போய்விட்டது.

அடுத்த மாதமே பெண்கள் பழையபடி வீட்டு வாசலுக்குப் போனார்கள். ஏஜென்ட் மறுபடியும் ஒவ்வொரு வாசலிலும் தனித்தனி ரேட் பேச ஆரம்பித்தார்.

பெரியவரின் பிள்ளைகளைத் துரோகி என்று திட்டியவர்கள் எங்களில் உண்டு. மூத்த மகளைப் பார்க்கப் போனோம். அவர் கேட்டார்: "எங்கப்பா ஊருக்குக் குடுத்தாரு, சரி. எங்க மூணு பேர்ல யார்கிட்டயாவது கேட்டீங்களா? எங்க கையெழுத்து வாங்கினீங்களா? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது." எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அது அவர்களுடைய பாட்டன் சொத்து. அதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, மகள்களுக்கும் உண்டு. பொதுக் காரியம் என்று பேசும்போது வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும் என்பதை மறந்துவிட்டோம்.

சான்றிதழ் வேறு, வரிவிலக்கு வேறு, கிரயம் வேறு

இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்ததுதான் எங்கள் எல்லாத் தவறுக்கும் வேர்.

சங்கப் பதிவு, நாங்கள் ஒரு அமைப்பு என்பதற்கு மட்டும் சான்று. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து விதிமுறை எழுதிப் பதிவு செய்கிறோம். அதனால் ஒரு சதுர அடி நிலம்கூட நமக்கு வந்துவிடாது. வருமான வரித் துறையில் வாங்கும் பதிவு இன்னொன்று. 12ஏ, 80ஜி என்று பேச்சில் சொல்கிறோமே, அவை தனி விண்ணப்பங்கள். முதலாவது சங்கத்தின் வருமானத்துக்கு. இரண்டாவது நமக்கு நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கு. சென்னையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நல்ல தொகை தருகிறேன் என்று சொல்லி 80ஜி ரசீது கேட்டபோதுதான், சங்கப் பதிவு இருந்தால் அதுவும் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தது வெளியே வந்தது. மூன்றாவதுதான் நிலத்தின் கிரயம். அது சார்பதிவாளர் அலுவலகத்தில், வாங்குபவர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயரோடு எழுதப்பட வேண்டும்.

லாப நோக்கற்ற சங்கம் என்றதும் எங்கள் பெண்கள் பயந்தார்கள். "அப்ப எங்களுக்குக் கூலி கிடையாதா?" கூலி உண்டு. உழைத்தவருக்கு உழைப்புக்கான பணம் போகலாம். சங்கத்தில் மிஞ்சுகிற பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். லாபத்தைப் பங்கு பிரிக்க வேண்டும் என்றால் அதற்குக் கூட்டுறவுச் சங்கம் என்ற வேறு வழி இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது எல்லாரும் உட்கார்ந்து தைக்கவும், பிள்ளைகள் கற்கவும் ஒரு இடம். எனவே பழைய சங்கத்தையே உயிர்ப்பிக்க முடிவு செய்தோம். நிலுவையில் இருந்த வருடங்களுக்கு எல்லாம் கணக்கு எழுதி, தாமதக் கட்டணம் கட்டி, பேரவை கூட்டி, புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கே எட்டு மாதம் ஆனது.

அறக்கட்டளையா, சங்கமா?

"டிரஸ்ட் ஆரம்பிச்சிடலாம், வேலை சுலபம்" என்றார் ஒருவர். உண்மைதான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் அறக்கட்டளை வந்துவிடும். ஆனால் அறங்காவலர்களைத் தேர்தல் வைத்து மாற்றும் உரிமை அதைப் பயன்படுத்தும் மக்களுக்குப் பொதுவாக இருப்பதில்லை.

அப்போது நாங்கள் மும்பை தாதரை நினைத்துக்கொண்டோம். பாபாசாகேப் அம்பேத்கர் 1940களில் மக்கள் முன்னேற்றத்துக்காக ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். தாதரில் அம்பேத்கர் பவன் எழுந்தது. அவருடைய இதழ்களை அச்சிட்ட புத்த பூஷண் அச்சகம் அங்கேதான் இருந்தது. அதுவும் ஒரு பட்டறைதானே. 2016 ஜூன் 25 அதிகாலையில் அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடித்தது அறக்கட்டளைத் தரப்பு. கட்டடம் பழுதாகிவிட்டது, புதிதாகக் கட்டப் போகிறோம் என்றார்கள். அம்பேத்கர் குடும்பத்தினர் அறக்கட்டளையின் உரிமையையே எதிர்த்தார்கள். ஜூலையில் மும்பைத் தெருக்களில் பல்லாயிரம் பேர் கண்டனப் பேரணி போனார்கள். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நாங்கள் போகவில்லை. பாபாசாகேப் பெயரில் இருக்கும் இடத்திலேயே, ஆவணம் ஒரு பக்கமும் மக்கள் இன்னொரு பக்கமும் நிற்கும் நிலை வந்தது என்பதைத்தான் சொல்கிறோம். பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்களைக் கேள்வி கேட்கும் பேரவையும் வேண்டும். அதனால் நாங்கள் சங்கமாகவே இருந்தோம்.

மலிவாக வந்த நிலம்

2023இல் ஊருக்கு வெளியே பத்து சென்ட் மலிவாக வந்தது. விற்க வந்தவர் நம் ஜனம் இல்லை. பட்டாவும் அவர் பெயரில் சுத்தமாக இருந்தது. எங்களில் ஒருவர் பழைய 'ஏ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆறு தடவை நடந்து பார்த்தோம். அது பஞ்சமி நிலம்.

இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு வரலாறு தெரியும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் வந்த அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனையை மீறி நிலங்கள் கைமாறின. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் நில அளவையில் பல இடங்களில் அந்தக் கைமாற்றம் பட்டாவாகவும் ஆகிவிட்டது. இந்த நிலத்தைக் கேட்டுப் போராடித்தான் 1994இல் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள்.

நமக்கு உரிய நிலத்தை, எடுத்துக்கொண்டவரிடமே காசு கொடுத்து வாங்குவதா? வாங்க மறுத்தோம். பதிவேட்டு நகலை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறோம். அந்தப் போராட்டம் தனியாக நடக்கிறது. அன்று எங்களுக்கு ஒன்று உறைத்தது. நம் முன்னோர் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியிருந்தது, ஆனாலும் நிலம் கைவிட்டுப் போனது. எங்கள் பட்டறையில் 17 வருடம் நாங்கள்தான் இருந்தோம், ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அனுபவம், ஆவணம் இரண்டும் ஒரே கையில் இருந்தால்தான் நிலம் நிற்கும்.

ஒரு சதவீத ஆசை

கடைசியில் காலனிக்குள்ளேயே, நத்தத்தில் ஒரு பழைய வீட்டு மனை கிடைத்தது. நான்கு சென்ட். மகனோடு ஓசூருக்குப் போகும் ஒரு பெரியம்மா விற்றார். விலை 6 லட்சம். 63 குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் வீதம் 30 மாதம் கட்டியது 3,78,000. தைக்கும் பெண்கள் தனியாகச் சேர்த்தது 76,000. வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகளும் நண்பர்களும் தந்தது 2 லட்சம். மொத்தம் 6,54,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் 54,000. கணக்கு காசு பாக்கியில்லாமல் சரியாக இருந்தது. பத்திரம் எழுதும் செலவுக்கு மறுபடியும் உண்டியல் குலுக்கினோம்.

அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. "செயலாளர் அக்கா பேர்லயே வாங்கிடலாம், 6,000 மிச்சம். அவங்களை நம்பாம யாரை நம்புறது?" என்றார்கள். குடும்பச் சொத்துக்கு அது நல்ல சலுகை. ஆனால் எங்கள் செயலாளர் அக்கா எழுந்து சொன்னார்: "என்னை நம்பலாம். நான் செத்தப்பறம் எம்புள்ளைங்களை அந்த நிலைமையில நிறுத்தாதீங்க. அந்தப் பெரியவர் பொண்ணு கேட்ட கேள்வியை நாளைக்கு எம்பொண்ணு கேக்கக் கூடாது." அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2025 செப்டம்பரில் சங்கத்தின் பெயரில் கிரயம் ஆனது. பேரவைத் தீர்மானத்தின் நகலோடு தலைவரும் செயலாளரும் சங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். பணம் முழுக்க சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து வரைவோலையாகப் போனது. அந்த எண் பத்திரத்திலேயே இருக்கிறது. விற்ற பெரியம்மாவின் மகனும் மகளும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றும் இப்போது சங்கத்தின் பெயரில்.

விதிமுறையிலும் மூன்று சேர்த்தோம். இடத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பேரவையில் நான்கில் மூன்று பங்கு பேர் ஒப்ப வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதி தைக்கும் பெண்கள். சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் போகாது, இதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்குப் போகும். அசல் பத்திரம் யார் வீட்டுப் பீரோவிலும் இல்லை, வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது.

உங்கள் ஊரில் பாருங்கள்

உங்கள் காலனி மன்றத்துக்குள் இன்று மாலை போய் உட்காருங்கள். மனை யார் பெயரில்? வில்லங்கச் சான்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 'ஏ' பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று இருக்கிறது? சங்கம் இந்த வருடம் தாக்கல் செய்ததா? கருவிகளின் ரசீது யாரிடம்? தந்தவரின் பிள்ளைகளுக்கு அது தெரியுமா? தந்தவர் உயிரோடு இருந்தால் உடனே போய்ப் பாருங்கள், அவருடைய பிள்ளைகளையும் சேர்த்தே பாருங்கள். தானப் பத்திரம் எழுத இன்னும் நேரம் இருக்கிறது. அரசு கொடுத்த வீட்டுமனைப் பகுதி என்றால், பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடம் எது, அதில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஆதிதிராவிடர் நல தனி வட்டாட்சியரிடம் எழுதிக் கேளுங்கள்.

எங்கள் புதிய பட்டறைக்கு இன்னும் கூரை முடியவில்லை. நான்கு பக்கச் சுவர் எழுந்திருக்கிறது. பாதி இடத்தில் தகரம் போட்டு ஐந்து பெண்கள் தைக்கிறார்கள். மற்ற இருவரும் மழைக்காலம் முடிந்து வருகிறேன் என்றிருக்கிறார்கள். போன வாரம் ஏஜென்ட் வந்தார். ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் அவரிடம் ரேட் பேசினார்கள்.

இனி ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் மாலை போட்ட பிறகு எங்கள் முதல் வேலை, பதிவுத் துறை இணையதளத்தில் அந்த மனையின் வில்லங்கத்தை எடுத்து, கூட்டத்தில் சத்தமாகப் படிப்பது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் சர்வே எண் மனப்பாடமாக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.